எழுதியவர் பெயர் இல்லாத பந்தி

எங்கள் பழைய அதிபர் போன மாதம் காலமானார். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்களாம். அவருடைய மருமகன் தொலைபேசியில் அழைத்து, ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கேட்டார்.

"நீங்கள் மாமாவோடை கனகாலம் வேலை செய்தனீங்கள், ரீச்சர். உங்கடை இங்கிலீஷ் எண்டால் அவருக்கு உயிர்."

"ஓம் தம்பி," என்றேன். "உயிர்தான்."

இரண்டு பக்கம் போதாது என்று சொல்லி மறுத்துவிட்டேன். மருமகன் அதை என் துயரத்தின் அளவாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு தரம் நன்றி சொன்னார். நினைவு மலரில் நல்லதை மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. நான் விதிகளை மதிப்பவள். ஆகவே மலரை விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம், போரும் பொருளாதாரத் தடையும். யாழ்ப்பாணத்துக்குள் மின்சாரம் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஆனால் பாடசாலை இருந்தது, தவணைப் பரீட்சை இருந்தது, வருடாந்தச் சம்பள ஏற்றத்துக்கு மூன்று பிரதியில் விண்ணப்பம் இருந்தது. நகருக்குச் சற்று வெளியே ஒரு கலவன் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு ஆங்கிலம் படிப்பித்தேன். ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்தவர்கள் நாலு பேர். அந்தப் பாடசாலையில் உயர்தரம் என்றால் விஞ்ஞானம், கணிதம். மற்றவர்கள் பாதை தவறி வந்தவர்கள் போல நடத்தப்பட்டார்கள். நாலு பேருக்கு ஒரு ஆசிரியை என்பது வீண்செலவு என்று ஆசிரியர் அறையில் என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு.

ஆங்கில வினாத்தாளில் ஒரு பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. மாணவர் முன்பின் பார்த்திராத உரைநடைப் பந்தி ஒன்றைக் கொடுப்பார்கள். கதை அல்ல, கவிதை அல்ல. யாரோ ஒருவர் இது உண்மை என்று சொல்லி எழுதியது: ஒரு சொற்பொழிவு, ஒரு தலையங்கம், ஓர் அறிக்கை. கேள்வி ஆண்டாண்டாக ஒன்றே. எழுதியவரின் நோக்கம் என்ன, தொனி என்ன, என்ன உத்திகளைக் கையாளுகிறார், அவை பலிக்கின்றனவா?

ரியூசனில் மாதிரி விடை பாடமாக்கிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி கிலி. பாடமாக்க ஒன்றும் இல்லையே. எல்லா விடையும் 'எழுத்தாளர் மிகவும் அழகாக எழுதியுள்ளார்' என்றுதான் தொடங்கும்.

"அழகோ அழகில்லையோ எண்டு நான் கேட்கேல்லை," என்று நான் சத்தம் போடுவேன். "அவர் உங்களைப் பொம்பிளை பார்க்க வரேல்லை. உங்களைக்கொண்டு எதையோ நம்பப்பண்ணப் பார்க்கிறார். என்னத்தை, எப்பிடி எண்டு சொல்லுங்கோ."

"மிஸ், பெரிய ஆக்கள் எழுதினதை நாங்கள் எப்பிடிப் பிழை சொல்லுறது?" என்று ஒரு பெடியன் கேட்டான்.

"பிழை சொல்ல வேண்டாம். கையைப் பிடிச்சுப் பார். கைக்குள்ளை என்ன வைச்சிருக்கிறார் எண்டு சொல்லு."

எங்கே 'நாம்' என்கிறார், எந்த இடத்தில் அந்த 'நாம்' நழுவிப் போகிறது என்று பார்க்கச் சொன்னேன். யாருக்குப் பெயர் கொடுக்கிறார், யாருக்குக் கொடுக்காமல் விடுகிறார்? பதிலை எதிர்பாராமல் கேட்கும் கேள்வி எதை மறைக்கிறது? ஓர் உவமையைப் போட்டால், அந்த உவமைக்குள் தன்னை எங்கே உட்கார்த்தி வைத்திருக்கிறார்? இவ்வளவுதான் என் பாடம். இதைப் படித்தவர் பரீட்சையில் சித்தியடைவாரோ தெரியாது, ஏமாறமாட்டார்.

ஆனால் படிப்பிக்க விட்டால்தானே.

அதிபருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும் வேலை ஓயாமல் இருந்தது. தகரம் கேட்டு நிவாரண நிறுவனங்களுக்கு, காசு கேட்டு இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த பழைய மாணவர்களுக்கு, விளக்கம் சொல்லிக் கல்விக் கந்தோர் அதிகாரிகளுக்கு. எல்லாவற்றையும் ஆக்கியவளும் தட்டச்சுச் செய்தவளும் நான். கையெழுத்து மட்டும் அவருடையது. வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பியோன் வாசலில் வந்து நின்று தலையைச் சொறிவார். "ரீச்சரை வரட்டாம்." பெரும்பாலும் உயர்தர ஆங்கிலப் பாடவேளையில்தான் வருவார். ஒருமுறை அதிபரிடமே கேட்டேன்.

"விஞ்ஞான ரீச்சர்மாரைக் கூப்பிட ஏலாது, ரீச்சர். தாய் தேப்பன் சண்டைக்கு வந்திடுவினம்," என்றார். "உங்கடை நாலு பேற்றை தாய் தேப்பனும் வாய் திறவாத சனம்."

அந்த ஆண்டுப் பரீட்சையில் என் நாலு பேரில் ஒருவர்தான் சித்தியடைந்தார்.

பரிசளிப்பு விழாவில் அதிபரின் அறிக்கை ஆங்கிலத்தில் வாசிக்கப்படுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். வந்திருக்கும் தாய் தகப்பன்மாரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வெங்காயத் தோட்டத் தறையிலிருந்து காலைக் கழுவிக்கொண்டு வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்காததுதான் அதன் சிறப்பு. வாசிப்பவர் நிறுத்தி மூச்சுவிடும் இடத்தில் கைதட்டுவார்கள். வழக்கமாக அறிக்கையை நான்தான் எழுதிக் கொடுப்பேன். அந்த வருடம் கேட்டபோது, "இந்தமுறை நானே எழுதிப்போட்டன், ரீச்சர். உங்களுக்கு ஏன் கரைச்சல்," என்றார். அந்த அக்கறையைக் கண்டபோதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

தண்ணீர் இறைக்கும் மெசினை மண்ணெண்ணெயில் ஓடவிட்டு, அதில் சிறிய ஜெனரேற்றரைக் கொழுவி, ஒலிபெருக்கி பூட்டியிருந்தார்கள். மெசினின் இரைச்சலுக்கு மேலால் அதிபர் வாசித்தார். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

"நாம் கொந்தளிக்கும் கடலில் செல்லும் ஒரு கப்பல். அலைகள் நம்மை அச்சுறுத்தினவா? இல்லை. இருள் நம்மைத் தடுத்ததா? இல்லை. கட்டுப்பாடு, தியாகம், தொலைநோக்கு என்ற மூன்று பாய்களை விரித்து நாம் முன்னேறினோம். ஆயினும் ஒரு பாடத்தின் பெறுபேற்றை நோக்கும்போது, துடுப்பை நனைக்காமலேயே கரைசேர எண்ணும் சிலரும் நம்மிடையே உள்ளனர் என்பதைக் கனத்த இதயத்துடன் குறிப்பிட வேண்டியுள்ளது."

மூச்சு விட்டார். சனம் கைதட்டியது. எனக்கு முன்வரிசையில் இருந்த ஒரு மாணவனின் தாய், திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தட்டினார்.

அந்தப் பாடசாலையில் உயர்தர ஆங்கிலம் படிப்பித்த 'சிலர்' நான் ஒருத்திதான். அதைப் புரிந்துகொள்ளும் ஆங்கிலம் தெரிந்தவர்கள் மேடையில் இருந்த பிரமுகர்களும், ஆசிரியர்களில் ஒரு சிலரும், என் பக்கத்தில் இருந்த என் கணவரும். அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்றவர். மெதுவாக என் பக்கம் சரிந்தார்.

"இஞ்சரும், உது உமக்குத்தான்."

"தெரியும்."

"இப்ப என்ன செய்யப் போறீர்?"

"இப்ப தேத்தண்ணி குடிக்கப் போறன்."

குடித்தேன். வடையும் தின்றேன். அதிபர் வந்து, "வடை நல்லாயிருக்கோ, ரீச்சர்?" என்று விசாரித்தார். நல்லாயிருக்கு என்றேன். உண்மையில் நல்ல வடைதான்.

பரிசளிப்பு முடிந்து சில நாட்களில் பியோன் எனக்கு ஒரு செய்தி சொன்னார். என்னை வடமராட்சி கிழக்குக்கு இடமாற்றும்படி அதிபர் கல்விக் கந்தோருக்குச் சிபாரிசு அனுப்பியிருக்கிறார். மணலுக்குள் இருக்கும் ஒரு பள்ளிக்கூடம். பஸ் கிடையாது. சயிக்கிளை ஓட்டுவதைவிடத் தூக்கிக்கொண்டு நடப்பது சுகம் என்று அங்கே போய்வந்தவர்கள் சொல்லுவார்கள். வீட்டிலிருந்து போய்வர முடியாது. அங்கேயே தங்க வேண்டும்.

நான் மட்டும் என்றால் போயிருப்பேன். மணல் எனக்குப் புதிதல்ல. ஆனால் என் கணவருக்குச் சீனி வருத்தம் முற்றியிருந்தது. இன்சுலின் கிடைப்பதே அபூர்வம். கிடைத்ததைக் குளிர்பெட்டி இல்லாமல், ஈரமணல் நிரப்பிய பானைக்குள் சிறிய முட்டியொன்றைப் புதைத்து, அதற்குள் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். அவருக்குக் கண் பார்வை மங்கல். ஊசியில் அளவுக் கோட்டைப் பார்த்து மருந்து ஏற்றுபவள் நான். பிள்ளைகள் நாட்டில் இல்லை. நான் மணல்காட்டில் இருந்தால் அவருக்கு ஊசி போட ஆளில்லை. போகாமல் விட்டாலோ, பதவியைக் கைவிட்டதாகக் கருதப்படும். அப்படிக் கருதப்பட்டால் ஓய்வூதியம் இல்லை. எனக்கு ஓய்வுக்கு நாலு வருடம் இருந்தது.

மேன்முறையீடு செய்யலாம். இடமாற்றத்துக்கு எதிராக மேன்முறையீடு செய்யும் உரிமை ஒவ்வோர் ஆசிரியருக்கும் உண்டு. அதை அதிபர் ஊடாக அனுப்ப வேண்டும். அதிபர் தன் குறிப்பையும் சேர்த்து மேலே அனுப்புவார். குற்றம் சாட்டியவரின் கையாலேயே குற்றவாளியின் வாதம் நீதிபதிக்குப் போகும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாரோ தெரியவில்லை. அவர் எழுத்து ஏதும் கிடைத்தால் வகுப்பில் கொடுத்து ஆராய்ந்திருப்பேன்.

"அந்தாளிட்டைப் போய்க் கதைச்சுப் பாருமன்," என்றார் என் கணவர். "காலிலை விழுந்தால் இரங்குவார்."

"விழத்தான் போறன்," என்றேன்.

அப்போது கொத்தணி முறை இருந்தது. அருகருகே இருக்கும் பாடசாலைகளை ஒரு கொத்தாகச் சேர்த்து, தவணைப் பரீட்சையைப் பொதுவாக நடத்துவார்கள். கடதாசிக்கும் மைக்கும் தட்டுப்பாடாக இருந்ததால் அது எல்லோருக்கும் வசதி. ஒவ்வொரு வினாத்தாளையும் ஒவ்வொரு பாடசாலை முறைவைத்துத் தயாரிக்கும். அந்தத் தவணை உயர்தர ஆங்கிலம் எங்கள் முறை. நடைமுறை இதுதான்: வினாத்தாளை ஆசிரியர் ஆக்குவார், அந்தப் பாடசாலையின் அதிபர் பார்த்து ஒப்பமிடுவார், பந்தியின் கீழே எழுதியவரின் பெயர் போடக்கூடாது. விடைத்தாள்கள் பாடசாலை மாறித் திருத்தப்படும். திருத்தத் தொடங்குமுன் எல்லா ஆங்கில ஆசிரியரும் கல்வி அதிகாரியின் தலைமையில் கூடி, மாதிரிக்குச் சில விடைகளை உரக்க வாசித்து, எதற்கு எத்தனை புள்ளி என்று உடன்படுவார்கள். அந்த மாதிரிகளைத் தெரிவு செய்வது வினாத்தாள் ஆக்கியவர் அல்ல, வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவர்.

இடமாற்றச் சிபாரிசைத் தீர்மானிக்க வேண்டியவரும் அதே கல்வி அதிகாரிதான்.

அதிபரின் அறைக்குப் போனேன்.

"சேர், கொத்தணிப் பரீட்சைக்கு உரைநடைப் பந்தி ஒண்டு வேணும். கைவசம் இருக்கிற புத்தகமெல்லாம் ரியூசனிலை குடுத்து முடிஞ்சுது. உங்கடை பரிசளிப்பு அறிக்கையிலை ஒரு பந்தி எடுக்கலாமோ எண்டு..."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பவும் போட்டார்.

"என்ரை அறிக்கையோ?"

"ஓம் சேர். கப்பல் பந்தி."

"இரும், ரீச்சர். இருந்து கதையும்."

அத்தனை வருடத்தில் அந்த அறையில் தட்டச்சு இயந்திரத்துக்கு முன்னால் தவிர வேறெங்கும் நான் இருந்ததில்லை. கதிரையில் இருந்தேன். எழுதிக்கொண்டு போன தாளை நீட்டினேன். அவர் உதடசைய வாசித்தார். தன் கவிதையை முதன்முதல் அச்சில் பார்க்கும் இளைஞனின் முகம் அவருக்கு அப்போது இருந்தது. பிறகு புருவம் சுருங்கியது.

"கடைசி வசனத்தை விட்டிட்டீர்."

"அது வேண்டாமெண்டு நினைச்சன், சேர்."

"ஏன்?"

நான் நிலத்தைப் பார்த்தேன். அந்த மௌனத்தை அவர் எப்படி வாசிப்பார் என்று எனக்குத் தெரியும். அப்படியே வாசித்தார்.

"ரீச்சர், நான் ஒருத்தரையும் மனதிலை வைச்சுச் சொல்லேல்லை. அது ஒரு நடை. பந்தியின்ரை முழுக் கனமும் அந்தத் துடுப்பிலைதான் கிடக்கு. அதை விட்டால் மிச்சம் வெறும் தண்ணி. அதையும் போடும்."

"உங்கடை விருப்பம், சேர்."

"கீழை பேர் போடுவினமோ?"

"எழுதினவற்றை பேர் போடக்கூடாதெண்டு விதி, சேர்."

"ஓம், ஓம். விதி விதிதானே." முகம் கொஞ்சம் வாடியது. விடுபட்ட வசனத்தைத் தன் கையாலேயே தாளின் அடியில் எழுதி, கீழே ஒப்பமிட்டார். எனக்குக் கீழ்ப்படிவு வந்துவிட்டது என்று அவருக்கு மகிழ்ச்சி. நான் எழுந்தபோது மிக அன்பாகச் சொன்னார்: "எதுக்கும் யோசியாதையும், ரீச்சர். அங்காலைப் பக்கம் நல்ல கடற்காத்து. உடம்புக்கு நல்லது."

அந்தக் கடற்காத்து என்ற சொல்லை நான் வீட்டுக்குப் போகும்வரை வாயில் வைத்துக்கொண்டு போனேன்.

பந்தியின் கீழ்க் கேள்வியில் ஒரு சொட்டு நஞ்சும் இல்லை. வழக்கமான கேள்விதான்: எழுதியவரின் நோக்கம், தொனி, உத்திகள் ஆகியவற்றை ஆராய்க. குண்டுபோடும் பொம்மர் ஒன்று வந்ததால் பரீட்சை நடுவில் நின்றது. பிள்ளைகள் பங்கருக்குள் இறங்கி ஏறி, மண்ணைத் தட்டிவிட்டு மிச்சத்தை எழுதினார்கள். விடைத்தாளில் அரைவாசி ஏதோ பழைய கந்தோர் விண்ணப்பங்களின் பின்பக்கம். கூட்டத்துக்கு ஒரு நாள் முன்னதாக மாதிரிகளைத் தெரிவு செய்தவர் கொழும்புத்துறைப் பக்கத்துக் கன்னியர் மடப் பாடசாலையிலிருந்து வந்த ஒரு சிஸ்ரர். மிக மெல்லிய குரல். நாற்பது வருடமாக ஒரே தாளத்தில் கதைப்பவர்.

கூட்டம் எங்கள் பாடசாலையில். கல்வி அதிகாரி சயிக்கிளில் வந்து இறங்கி, காற்சட்டைக் கிளிப்பைக் கழற்றினார். பிளேன்ரீக்குப் பனங்கட்டி, கடிக்கச் சூசியம். அதிபர் வரவேற்றுவிட்டுப் போகவேண்டியவர். போகவில்லை. அதிகாரிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். இருப்பார் என்று எனக்குத் தெரியும். பெயர் போடாத பந்தியை ஒருவர் எவ்வளவு நாளைக்குத்தான் வயிற்றுக்குள் வைத்திருப்பார்?

"இந்தமுறை பந்தி ஆரின்ரை எண்டு தெரியுமோ, சேர்?" என்றார் அதிகாரியிடம், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஆரின்ரை?"

"அடியேன்ரைதான். பேர் போடக்கூடாதெண்டு ரீச்சர் பிடிவாதம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்ரர் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாள்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் பிளேன்ரீயைப் பார்த்தேன்.

"நான் இதுகளைத் தெரிஞ்செடுத்தது நேற்று, அதிபர்," என்றார் சிஸ்ரர். "அப்ப எனக்கு இது தெரியாது."

"அதுக்கென்ன சிஸ்ரர், வாசியுங்கோ, வாசியுங்கோ."

முதல் விடை எங்கள் பாடசாலைப் பெடியன் ஒருவனுடையது. எழுத்தாளர் ஒரு மாபெரும் தலைவர், கப்பல் தலைவனைப் போன்றவர், அவர் அழகாகக் கேள்வி கேட்டு அழகாகப் பதிலளிக்கிறார். அதிபர் தலையாட்டினார். "நல்ல பிள்ளை."

"பதினைஞ்சுக்கு நாலு போட்டன்," என்றார் சிஸ்ரர். "அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லியிருக்கிறார். ஆராயேல்லை."

அதிகாரி உடன்பட்டார். அடுத்த விடை வேறொரு பாடசாலைப் பெடியனுடையது. அவன் எழுதியிருந்தது: இவர் அலையைப் பற்றிக் கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்கிறார், இருளைப் பற்றிக் கேட்டுத் தானே பதில் சொல்கிறார். ஆனால் பெறுபேறு ஏன் குறைந்தது என்ற ஒரே ஒரு கேள்வியை மட்டும் அவர் கேட்கவே இல்லை. வெற்றி வரும்போது 'நாம்', தோல்வி வரும்போது 'சிலர்'. சிலர் யார் என்று அவருக்குத் தெரியும். பெயர் சொன்னால் அந்த ஆள் பதில் சொல்லிவிடுவார் என்பதால் சொல்லவில்லை.

சூசியம் தின்றுகொண்டிருந்த ஒருவர் மெல்லுவதை நிறுத்தினார்.

"பதினொண்டு," என்றார் சிஸ்ரர், அதே குரலில்.

மூன்றாவதை எடுத்தார். கரையோரத்துப் பிள்ளை, தகப்பன் கடல் தொழிலுக்குப் போகிறவர் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பிள்ளையின் விடையை மட்டும் நான் இன்றைக்கும் ஏறக்குறைய அப்படியே சொல்லுவேன்.

"எழுத்தாளர் முதலில் தாம் கப்பலில் இருப்பதாகவும், பாய் விரித்ததாகவும் சொல்கிறார். கடைசியில் திடீரென்று துடுப்பு வருகிறது. பாய் விரித்த கப்பலில் துடுப்புப் போடுவதில்லை. ஆகவே ஒருவரைக் குற்றம் சொல்வதற்காக அவர் கப்பலை வள்ளமாக மாற்றிவிட்டார். வள்ளம் என்றால், பின்னால் சுக்கான் பிடிப்பவருக்கு எல்லோருடைய முதுகும் தெரியும். யார் துடுப்பு வலிக்கவில்லை என்பது அவருக்கு முதல் நாளே தெரியும். கரைக்கு வந்த பிறகு சனத்துக்கு முன்னால் அதைச் சொல்கிறவர், கடலில் இருந்தபோது எங்கே இருந்தார்? அல்லது துடுப்பை வாங்கி வேறு வேலைக்குக் கொடுத்தவர் அவரேயோ? பந்தியில் அவருக்கு இடமே இல்லை. அவர் கரையில் நின்றிருக்க வேண்டும்."

அதிபரின் காதுமடல் சிவந்து போயிருந்தது. கறுத்த மனிதரின் காது அப்படிச் சிவக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"புள்ளி?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். வினாத்தாள் ஆக்கியவள் என்ற முறையில் கடைசிச் சொல் என்னுடையது. சிஸ்ரர் விடைத்தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"பதின்மூண்டு, சேர். ஊகமாய்ச் சொன்ன இடத்துக்கு ஒண்டு குறைச்சன். துடுப்பை வாங்கினது ஆரெண்டதுக்குப் பந்தியிலை ஆதாரம் இல்லை. மற்ற ஒண்டு, கையெழுத்துக்கு."

அதிகாரி பந்தியை எடுத்துத் திரும்பவும் வாசித்தார். கடைசி வசனத்தில் விரலை வைத்தார்.

"அதிபர், உந்த வசனத்தை நான் வேறை எங்கையோ வாசிச்சிருக்கிறன்."

"பரிசளிப்பிலை வாசிச்சது, சேர். நீங்களும் மேடையிலை..."

"அது காதாலை கேட்டது. நான் கண்ணாலை வாசிச்சிருக்கிறன். என்ரை மேசையிலை. இடமாற்றச் சிபாரிசு ஒண்டிலை."

இதை நான் திட்டமிடவில்லை. பந்தியையும் கூட்டத்தையும் மட்டுமே நான் ஏற்பாடு செய்தேன். அந்த மனிதர் தன் வசனத்தில் அவ்வளவு மயங்கி, அதையே சிபாரிசுக்கும் காரணமாக எழுதி அனுப்புவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"துடுப்பு நனைக்காத ஆள் ஆர்?" என்றார் அதிகாரி.

"அது... பொதுவாய்ச் சொன்னது, சேர்."

"பொதுவாய்ச் சொன்னதெண்டால், பொதுவாய் ஆரை இடமாத்துறது?"

அதிபர் சூசியத் தட்டை அதிகாரியின் பக்கம் நகர்த்தினார். பதிலை எதிர்பார்க்கும் கேள்வி அது. அதிகாரி என் பக்கம் திரும்பினார். "ரீச்சர், உயர்தரத்துக்குப் பாடம் ஒழுங்காய் நடந்ததோ?"

"இல்லை, சேர்."

அதிபர் நிமிர்ந்தார். நான் மறுப்பேன் என்று நினைத்திருந்தார்.

"ஏன் நடக்கேல்லை?"

"அந்த நேரத்திலை நான் அதிபரின்ரை கந்தோரிலை ரைப் அடிச்சுக்கொண்டிருந்தனான்."

"என்னத்தை?"

"பலதும். உங்களுக்கு வந்த கடிதங்களும்தான், சேர்."

அதிகாரியின் கையிலிருந்த பேனை நின்றது. எங்கள் பாடசாலையிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களை மற்ற அதிபர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டி, 'இப்பிடி எழுதப் பழகுங்கோ' என்று சொல்பவர் அவர். அது முழுக் கொத்தணிக்கும் தெரியும். பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். சிஸ்ரர் சிலுவையைத் தடவிக்கொண்டு தாள்களை அடுக்கினார்.

"அப்ப அந்தக் கடிதங்கள்..." என்று தொடங்கிய அதிகாரி நிறுத்திக்கொண்டார். பேனையை மூடிக்கொண்டு, "சரி, உந்த இடமாற்ற விசயத்தைப் பார்ப்பம்," என்றார்.

'பார்ப்பம்' என்பது கந்தோர்ப் பாசையில் ஒரு தீர்மானம் அல்ல. அது கோப்பு ஒன்று தூங்கும் பாய். நாளைக்கு அதிபர் ஒரு தார் இதரை வாழைப்பழத்தோடு போனால் பாயைச் சுருட்டி எழுப்பிவிடலாம்.

"எழுத்திலை தாறியளோ, சேர்?" என்றேன்.

"எழுத்திலையோ? இப்பவோ?"

"வாயாலை சொன்ன தீர்மானத்துக்குப் பைலிலை இடமில்லைத்தானே, சேர்."

"உங்களுக்கு விதியெல்லாம் பாடம் போலை."

"அது ஒண்டுதான் சேர், எனக்குப் பாடமாக்க வந்தது."

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு எழுதினார். குறிப்பான குற்றச்சாட்டு எதுவும் இல்லாதபடியால் சிபாரிசு திருப்பி அனுப்பப்படுகிறது. உயர்தர ஆங்கிலப் பாடவேளையில் ஆசிரியை வேறு கடமைக்கு அழைக்கப்படக் கூடாது. இரண்டு வசனம். உவமை இல்லை. நான் வாசித்த அதிபர்கள், அதிகாரிகள் எல்லோருடைய உரைநடையிலும் அதைப் போல ஒன்றை நான் கண்டதில்லை.

வீட்டுக்குப் போய்க் கணவரிடம் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார்.

"காலிலை விழுந்தனீரோ?"

"ஓம். அவர் தடக்கி விழுந்திட்டார்."

அன்று இரவு ஊசி போடும்போது அவர் சிரித்த சிரிப்பில் கை ஆடியது. ஆடாமல் இரும் என்று ஏசினேன்.

திருத்தி முடிந்த பின், கொத்தணியின் புள்ளி விபரத்தை வினாத்தாள் ஆக்கிய பாடசாலையின் அதிபர் அத்தாட்சிப்படுத்தி ஒப்பமிட வேண்டும். அதை ஒரு பியோனிடம் கொடுத்தனுப்பலாம், அதுதான் வழக்கம். நானே கொண்டுபோனேன்.

அவர் தனியாக இருந்தார். தாளை முன்னால் வைத்தேன். மேலே முதலாவதாக அந்தக் கரையோரத்துப் பிள்ளையின் சுட்டெண் இருந்தது.

"நீர் வேணுமெண்டுதானே செய்தனீர்?" என்றார்.

"ஓம் சேர்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. மன்னிப்பையோ மறுப்பையோ எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டுக்கும் அவரிடம் பதில் இருந்திருக்கும்.

"மனதிலை ஒண்டு இருந்தால் எனக்கு நேரை சொல்லியிருக்கலாமே, ரீச்சர்."

"நீங்கள் நேரை சொன்னனீங்களோ, சேர்?"

அவர் பேனையை எடுத்தார். மை இறங்கவில்லை. உதறினார். திரும்பவும் உதறினார். கடைசியில் கையெழுத்து விழுந்தது. எத்தனையோ வருடம் என் கடிதங்களின் அடியில் விழுந்த அதே கையெழுத்து. இந்தமுறை கொஞ்சம் கோணல்.

தாளைத் தரும்படி நான் கையை நீட்டவில்லை. மை காயும்வரை அங்கேயே நின்றேன்.